பனியுகத்தில் மீத்தேன் பாதியாகக் குறைந்தது ஏன்? எல்லாமே சதுப்பு நிலத்தின் வேலையா?

தும்பி

வணக்கம் நண்பர்களே. அண்டார்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் துளைத்தெடுத்த பனித்தூணில், பனிக்குள் அடைபட்ட பழைய காற்றுக்குமிழிகளிலிருந்து அளந்த 8 லட்சம் ஆண்டு மீத்தேன் வரைபடத்தைப் போன வாரம் வகுப்பில் காட்டினேன். சீப்புப் பற்கள் போல ஏறி இறங்கும் கோடு அது. குளிர் உச்சங்களில் 350 பிபிபி, அதாவது நூறு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு 350 மீத்தேன் மூலக்கூறுகள். வெப்ப இடைக்காலங்களில் 700 பக்கம்.

ஒரு மாணவி எழுந்து, "அப்போ மாட்டுப்பண்ணை இல்ல, எண்ணெய்க் கிணறு இல்ல, குப்பைமேடும் இல்ல. அப்புறம் யார் இதை ரெண்டு மடங்கு ஆக்கினது?" என்று கேட்டாள். சதுப்பு நிலங்கள் என்றேன். "எல்லாமேவா? அது எப்படித் தெரியும்?" என்று உடனே அடுத்த கேள்வி. எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று நேரம் வாங்கியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஈரமண்

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். நான் பல வருடம் ஈரநிலங்களில் வாயு அளவெடுத்தவள், அதனால் சேற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1776-ல் அலெஸாண்ட்ரோ வோல்டா இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக் கரையில் ஒரு கம்பால் அடிச்சேற்றைக் கிளறினார். மேலே வந்த குமிழிகளைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்தார். தீ காட்டியதும் நீல நிறத்தில் எரிந்தது. இன்றைக்கும் நாணல் நிற்கிற எந்தத் தேங்கு நீரிலும் அதே கம்பை விட்டுக் கிளறினால் அதே குமிழிகள்தான் வரும்.

நடப்பது இதுதான். இலை, வேர், தண்டு எல்லாம் நீருக்கடியில் மட்கும்போது அங்கே இருக்கும் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்ஃபேட் என்று ஒவ்வொன்றாக நுண்ணுயிர்கள் பயன்படுத்தித் தீர்க்கும். எல்லாம் தீர்ந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவது ஆர்க்கியா இனத்தைச் சேர்ந்த மீத்தேன் நுண்ணுயிர்கள். மிஞ்சிய அசிட்டேட்டையும் ஹைட்ரஜனையும் வைத்து அவை பிழைக்கின்றன, வெளியேற்றுவது மீத்தேன்.

உருவாகும் மீத்தேன் முழுக்கக் காற்றுக்கு வந்துவிடாது. மேல்மண்ணில் ஆக்சிஜன் உள்ள மெல்லிய அடுக்கில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் காத்திருக்கும். அவற்றிடமிருந்து தப்ப மீத்தேனுக்கு இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று குமிழியாக விசையோடு மேலே வருவது. இன்னொன்று கோரை, நாணல் போன்ற செடிகளின் உள்ளே இருக்கும் காற்றுக்குழாய் வழியாக வருவது. அந்தக் குழாய் வேருக்கு ஆக்சிஜன் கொண்டுபோகத்தான் இருக்கிறது, ஆனால் திரும்பும் வழியில் மீத்தேனையும் சுமந்து வருகிறது. அமேசான் வெள்ளக்காடுகளில் மரத்தண்டு வழியாகவும் ஏராளமாக வெளியேறுவதை 2017-ல் அளந்து காட்டினார்கள்.

நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினாலே போதும், தின்னும் பாக்டீரியாவின் அடுக்கு தடித்துவிடும். வெளியே வரும் மீத்தேன் பல மடங்கு குறைந்துபோகும். அளவெடுக்கும் பெட்டியைக் கவிழ்த்து வைக்கும்போது நாங்கள் மூச்சடக்கிப் பலகைமேல் நிற்போம். காலை அழுத்தி வைத்தால் அந்த அழுத்தத்திலேயே குமிழி கிளம்பி அன்றைய அளவு கெட்டுவிடும். இவ்வளவு நுட்பமான விஷயம் இது. மழை, வெப்பம், செடி வளர்ச்சி மூன்றும் சேர்ந்துதான் ஒரு சதுப்பின் மீத்தேனைத் தீர்மானிக்கின்றன. பனியுகத்தில் இந்த மூன்றுமே குறைந்தன.

பனித்துகள்

ஈரமண் அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பனியுக உச்சத்தில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்கு 180-190 (பிபிஎம்) தான் இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்பு 280. செடிக்கு உணவு குறைந்தால் விளைச்சல் குறையும், மட்க விழும் இலையும் குறையும், சேற்றுக்குள் போகும் தீனி குறையும். மழை பெய்து நீர் தேங்கினாலும் அந்தச் சதுப்பு இன்றைய சதுப்பு அளவுக்கு மீத்தேன் தராது.

இடப் பிரச்சினையும் உண்டு. இன்று வடக்கின் பெரிய பீட் சதுப்புகளில், அதாவது முழுதாக மட்காத செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்புகளில், ஒன்று கனடாவின் ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம். 20,000 ஆண்டுகளுக்கு முன் அது கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கட்டியின் அடியில் இருந்தது. வடக்கின் பீட் நிலங்களில் பெரும்பாலானவை பனி விலகிய பிறகு, முக்கியமாக 12,000 முதல் 8,000 ஆண்டுகளுக்கு முன்பான காலத்தில் முளைத்தவை.

வடகாற்று

எல்லாரும் சதுப்பு சதுப்பு என்கிறீர்கள். கடலடியில் உறைந்து கிடக்கும் மீத்தேன் ஹைட்ரேட்டை மறந்துவிட்டீர்களா? உலகத்துச் சதுப்பு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 15 முதல் 20 கோடி டன்தான் தருகிறது. கடலடி ஹைட்ரேட்டில் அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கிறது. கடல் கொஞ்சம் சூடானால் அது உடைந்து வரும், வந்தால் பூமி இன்னும் சூடாகும். கென்னட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003-ல் இதைத்தான் விரிவாகச் சொன்னார்கள். பனியுக முடிவில் இடையே வந்த இளைய ட்ரையாஸ் என்ற குளிர்க்கட்டம் 11,600 ஆண்டுகளுக்கு முன் முடிந்தபோது மீத்தேன் 500 பக்கத்திலிருந்து 700-ஐத் தாண்டியது. அதுவும் இருநூறு ஆண்டுக்குள். சதுப்பு நிலம் அவ்வளவு வேகமாகப் பரவுமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பனித்துகள்

வடகாற்று, உங்கள் சந்தேகம் நியாயமானது. கென்னட் குழு சொன்னபோது அதை மறுக்கப் போதிய தரவு இருக்கவில்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தரவு வந்தது. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்றிலேயே நைட்ரஜன் ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் வேறுபட்ட நைட்ரஜன் அணுக்கள், உண்டு. கிரீன்லாந்து திடீரென்று சூடாகும்போது அவற்றின் விகிதம் மாறும். மீத்தேனும் அதே குமிழிக்குள் இருப்பதால் எது முதலில் மாறியது என்று நேரடியாகப் பார்க்கலாம். பார்த்தபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக, பல இடங்களில் மீத்தேன் சில பத்தாண்டுகள் பின்தங்கி ஏறுவது தெரிந்தது. வெப்பத்துக்குக் காரணம் மீத்தேன் என்றால் அது முன்னால் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்தது ஹைட்ரஜன். மீத்தேனில் உள்ள ஹைட்ரஜனில் ஒரு சிறு பங்கு கனமான டியூட்டீரியம். சதுப்பு மீத்தேன் மழைநீரிலிருந்து ஹைட்ரஜனை எடுப்பதால் அதில் டியூட்டீரியம் குறைவு. கடலடி ஹைட்ரேட் மீத்தேனில் அதிகம். டாட் சவர்ஸ் 2006-ல் கிரீன்லாந்துப் பனியில் இதை அளந்தார். ஹைட்ரேட் உடைந்திருந்தால் மீத்தேன் ஏறிய இடங்களில் டியூட்டீரியமும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

மூன்றாவதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. கார்பன்-14, அதாவது காலப்போக்கில் தானாகச் சிதைந்து தீர்ந்துபோகும் கார்பன். ஹைட்ரேட், நிலத்தடி எரிவாயு எல்லாம் பல லட்சம், பல கோடி ஆண்டு பழையவை. அவற்றில் கார்பன்-14 துளியும் மிஞ்சியிருக்காது. போன வருடம் விழுந்த இலையிலிருந்து வந்த சதுப்பு மீத்தேனில் இருக்கும். ஆக, பழைய காற்றின் மீத்தேனில் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால் பழைய கிடங்கு எவ்வளவு திறந்தது என்று தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு பனித்துண்டில் இருக்கும் மீத்தேன் சொற்பம், அதிலும் கார்பன்-14 சொற்பத்திலும் சொற்பம். சாதாரண மீத்தேன் அளவுக்கு உள்ளங்கையில் அடங்கும் துண்டு போதும். இதற்கு ஒவ்வொரு முறை அளக்கவும் ஏறக்குறைய ஒரு டன் பனி வேண்டும். பெட்ரென்கோவின் குழு முதலில் கிரீன்லாந்து விளிம்பில் பாகிட்சோக் என்ற இடத்திலும், பிறகு அண்டார்டிகாவின் டெய்லர் பனியாற்றிலும் இதைச் செய்தது. அங்கே மிகப் பழைய பனி மேற்பரப்புக்கே வந்து கிடக்கிறது. பெரிய துளைப்பான் கொண்டு தூண் தூணாக வெட்டி, அங்கேயே வெற்றிட உருக்குக் கலத்தில் போட்டு உருக்கி, வெளிவரும் காற்றை உருளைகளில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். காஸ்மிக் கதிர் பட்டுப் பனிக்குள்ளேயே உருவாகும் கார்பன்-14-ஐயும் கழிக்க வேண்டும். அந்தத் திருத்தத்துக்கே பல வருட உழைப்பு தேவைப்பட்டது.

2017-ல் வெளியான முடிவு: இளைய ட்ரையாஸ் முடிவில் ஏறிய மீத்தேனில் ஹைட்ரேட், பழைய உறைமண் (ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் துருவப் பக்கத்து மண்) போன்றவற்றின் பங்கு மிகச் சிறியது. நிலத்திலிருந்து இயற்கையாகக் கசியும் எரிவாயுவும் அப்போது ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் இல்லை. அதற்கு முன்பு 4 முதல் 6 கோடி டன் என்றெல்லாம் மதிப்பிட்டிருந்தார்கள். 2020-ல் அதே பனியாற்றை வைத்து 18,000 முதல் 8,000 ஆண்டுகள் வரையான முழுக் காலத்தையும் பார்த்தார்கள். பதில் மாறவில்லை.

வடகாற்று

ஒரு டன் பனி உருக்கிய விஷயம் எனக்குத் தெரியாது. ஹைட்ரேட்டை இந்தக் காலத்துக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் உறைமண் ஏரிகள்? சைபீரியாவில் உறைமண் உருகிக் குழியாகி ஏரியாகும்போது அடியில் 30,000 ஆண்டு பழைய கார்பன் மட்கி மீத்தேனாக வருகிறதே. அந்த ஏரிகள் பனியுக முடிவில்தானே பெருகின?

ஈரமண்

ஆமாம், கேட்டி வால்டர் அந்தோனி குழு 2007-ல் இதைச் சொன்னது. அந்த ஏரிகளில் குமிழி ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும். இலையுதிர் காலத்தில் மேலே ஐஸ் படியத் தொடங்கும்போது குமிழிகள் அதன் அடியில் சிக்கி, தட்டுத் தட்டாக, வெள்ளை நாணயங்களை அடுக்கியதுபோல ஐஸுக்குள் தெரியும். அதில் ஓட்டை போட்டுத் தீக்குச்சி காட்டினால் ஆள் உயரத்துக்கு மேல் தீ எழும். அந்த ஏரிகளிடம் மீத்தேன் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் உலகக் காற்றில் அதன் பங்கு எவ்வளவு என்பதற்கு, இப்போது பனித்துகள் சொன்ன கார்பன்-14 வரம்பு போட்டுவிட்டது. பழைய கார்பன் தந்த ஏரிகளின் பங்கு அந்தச் சிறு பகுதிக்குள்தான் அடங்க வேண்டும். அந்த ஏரிகள் சில ஆயிரம் ஆண்டுகளில் பாசியும் செடியும் நிரம்பி, கார்பனைச் சேர்த்துவைக்கும் இடமாகவே மாறிவிட்டதையும் அதே ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். புதிதாக முளைத்த வடக்குப் பீட் நிலங்கள் தந்தது வேறு. அது அன்றைய செடியிலிருந்து வந்த இளைய கார்பன், கார்பன்-14 அதைத் தனியாகக் காட்டாது.

"வேகமாகப் பரவுமா" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சதுப்பு நிலம் புதிதாகப் பரவ வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கனவே இருக்கும் வெள்ளச் சமவெளியில் வருடத்துக்கு இரண்டு மாதம் நின்ற நீர் ஐந்து மாதம் நின்றால் போதும். மழைப்பட்டை இடம் மாறிய சில பருவங்களிலேயே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். சேறும் விதையும் நுண்ணுயிரும் ஏற்கனவே அங்கே இருக்கின்றன.

தும்பி

இப்போது எனக்கு அடுத்த குழப்பம். சதுப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். எந்தச் சதுப்பு? சைபீரியா, கனடா பக்கமா, இல்லை அமேசான், காங்கோ, ஆசியப் பருவமழை நிலங்களா?

பனித்துகள்

இதற்குப் பனியே ஓர் அழகான வழி தருகிறது, தும்பி. மீத்தேன் காற்றில் சுமார் 9 ஆண்டு இருக்கும். வட, தென் அரைக்கோளக் காற்று நன்றாகக் கலக்க ஒரு வருடம் ஆகும். அதனால் வடக்கில் மூலம் அதிகம் என்றால் கிரீன்லாந்தின் காற்றில் அண்டார்டிகாவைவிடச் சற்று அதிக மீத்தேன் இருக்கும். தொழிற்புரட்சிக்கு முன்பு வித்தியாசம் ஏறக்குறைய 40 பிபிபி. பனியுக உச்சத்தில் அது வெகுவாகச் சுருங்கியது. அதாவது வடக்குச் சதுப்புகள் அப்போது பெரும்பாலும் அடைந்து கிடந்தன, மிஞ்சிய மீத்தேனைக் கொடுத்தது முக்கியமாக வெப்பமண்டலம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. கிரீன்லாந்தின் பனியுகப் பனியில் தூசி மிக அதிகம். அந்தப் பனியை உருக்கும்போது தூசியே கொஞ்சம் மீத்தேனை உண்டாக்கிவிடுகிறது என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் பிறந்த மீத்தேனைப் பழங்காலக் காற்று என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. துருவ வித்தியாசம் போன்ற சிறிய எண்களை நம்பும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெப்பமண்டலத்துக்கு ஆதரவாக இன்னொரு சாட்சி உண்டு. உங்கள் வரைபடத்தில் பெரிய பனியுகச் சுழற்சிக்குள் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் இருக்கும், பாருங்கள். அவற்றில் சுமார் 23,000 ஆண்டு இடைவெளியில் திரும்பி வருவது ஒன்று. பூமியின் அச்சு பம்பரம் போலத் தள்ளாடுவதால் வடக்குக் கோடை சூரியனுக்கு அருகே வருகிறதா தொலைவிலா என்பது மாறிக்கொண்டே இருக்கும். அருகே வரும்போது ஆசிய, ஆப்பிரிக்கப் பருவமழை வலுக்கும். சீனாவின் ஹூலு குகையில் தரையிலிருந்து எழுந்த சுண்ணாம்புக் கல்முளைகளில் அந்தப் பருவமழையின் வரலாறு ஆக்சிஜன் ஐசோடோப்பாகப் பதிவாகியிருக்கிறது. அந்தக் கோட்டையும் மீத்தேன் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒன்று அண்டார்டிகாவின் பனி, இன்னொன்று சீனக் குகையின் கல். இரண்டுக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பு மழைதான்.

பருவமழை வழுக்கி விழுந்த நேரத்தில் மீத்தேன் ஏறியதும் உண்டு. ஏறக்குறைய 16,000 ஆண்டுகளுக்கு முன், வட அட்லாண்டிக்கில் பனிமலைகள் உடைந்து கடலில் கொட்டியபோது வடக்கு மேலும் குளிர்ந்தது. குளிர்ந்தால் மீத்தேன் இறங்க வேண்டும் அல்லவா? மேற்கு அண்டார்டிகப் பனித்தூணை மிக நெருக்கமாக அளந்த ரேச்சல் ரோட்ஸ் குழு 2015-ல் அங்கே ஒரு சிறு மேட்டைக் கண்டது. வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே தள்ளப்பட்டு, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள சதுப்புகள் நனைந்தன என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். வரைபடம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தச் சிறு மேடுதான். வெப்பநிலையை மட்டும் வைத்து மீத்தேனைப் படிக்கக் கூடாது என்பது அங்கே பளிச்சென்று தெரியும்.

கணக்கன்

உற்பத்தியை மட்டுமே பேசுகிறீர்கள். அழிவு? காற்றில் மீத்தேனை அழிப்பது ஹைட்ராக்சில். பனியுகத்தில் அது கூடியிருந்தாலும் மீத்தேன் குறையுமே?

பனித்துகள்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஒரு காலத்தில் அதுவே பாதிக் காரணம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ஹைட்ராக்சில் நீராவியிலிருந்து உருவாவது, அதனால் குளிர்ந்த, வறண்ட காற்றில் குறையும். அதே சமயம் காடுகள் சுருங்கி அவை விடும் கரிம ஆவிகள் குறைந்தால் ஹைட்ராக்சில் மிச்சமாகும். இரண்டும் எதிரெதிர். 2011-ல் லெவின் குழுவின் கணினி மாதிரியில் இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் சமன்செய்தன. அதனால் சுமை மறுபடி மூலங்களின் தலையில்தான் விழுகிறது. ஆனாலும் அழிவுப் பக்கத்தில் மாதிரிகளின் கையே ஓங்கியிருக்கிறது, பனியில் ஹைட்ராக்சில் பதிவு எதுவும் கிடையாது. இந்தத் துறையின் பலவீனமான மூலை இதுதான் என்பேன்.

கணக்கன்

சரி. இன்னொன்று. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மீத்தேன் 570-580 வரை இறங்கி, பிறகு தொழிற்புரட்சிக்கு முன்பே 700-ஐத் தொட்டுவிட்டது. பூமியின் அச்சுக் கணக்குப்படி வடக்குக் கோடை வெயில் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்த காலம் அது. மீத்தேனும் குறைந்திருக்க வேண்டும். ரடிமன் 2003-ல் இதை மனிதனின் வேலை என்றார். ஆசியாவில் நெல் வயல், கால்நடை. எனக்கு அது சரியாகவே படுகிறது. நெல் வயல் என்பது மனிதன் கட்டிய சதுப்புதானே.

ஈரமண்

நெல் வயல் மனிதன் கட்டிய சதுப்பு என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. அதே நுண்ணுயிர்கள், அதே காற்றுக்குழாய். நெல் தண்டு மீத்தேனை மேலே கடத்துவதில் கோரைக்குச் சளைத்ததல்ல.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். வடக்கில் கோடை வெயில் குறைந்த அதே ஆயிரம் ஆண்டுகளில் தெற்கு வெப்பமண்டலத்தில் கோடை வெயில் கூடியது. ஜாய் சிங்கராயர் குழு 2011-ல், தென் அமெரிக்காவின் தெற்குச் சதுப்புகள் நனைந்தாலே அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி வந்துவிடும் என்று மாதிரியில் காட்டியது. பிறகு மிட்செல் குழு 2013-ல் துருவ வித்தியாசத்தை வைத்துப் பார்த்தது. மனிதன் மட்டும் என்றால் வித்தியாசம் கூடியிருக்க வேண்டும், இயற்கை மட்டும் என்றால் குறைந்திருக்க வேண்டும். அது ஏறக்குறைய அப்படியே இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் பொருந்துகிறது.

காங்கோ இந்தக் கதையில் தனியாக நிற்கிறது. நடுக் காங்கோவில் 1,45,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பீட் சதுப்பு இருப்பது 2017-ல்தான் வரைபடமாக வெளிவந்தது. ஏறக்குறைய 3,000 கோடி டன் கார்பன் அங்கே இருக்கிறது. அங்கே மண்துளை எடுத்தபோது 7,500 ஆண்டு முதல் 2,000 ஆண்டு வரையான பீட் அடுக்கில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கி, பழைய பீட்டே மட்கிப் போயிருக்கிறது. பிறகு ஈரம் திரும்பியதும் சதுப்பு மீண்டும் வளரத் தொடங்கியது. ஓர் இடம் நனையும்போது இன்னோர் இடம் காய்கிறது, பனிக்குமிழி எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டும். அதனால் ஒரே கோட்டை வைத்து ஒரே காரணம் தேடுவது எனக்கு ஒப்பவில்லை.

கல்மரம்

பனி 8 லட்சம் ஆண்டோடு நிற்கிறது (2025 சனவரியில் லிட்டில் டோம் சி-யில் 12 லட்சம் ஆண்டுப் பனி வரை துளைத்துவிட்டார்கள் என்பது நல்ல செய்தி). அதற்கு முன்? கல்லைத்தான் கேட்க வேண்டும்.

5 கோடி ஆண்டுகளுக்கு முன், இயோசீன் காலத்தில், இன்று பனிப் பாலைவனமான கனடாவின் எல்ஸ்மியர் தீவில் முதலை இனங்களும் ஆமைகளும் வாழ்ந்தன. ஆர்க்டிக்கிலேயே வெதுவெதுப்பான சதுப்புக் காடு! துருவத்தில் பனி மூடாத உலகில் சதுப்புகள் எவ்வளவு மீத்தேன் தந்திருக்கும் என்று பீர்லிங் குழு 2011-ல் மாதிரி போட்டுப் பார்த்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைப் போலப் பல மடங்கு வந்தது. அது மாதிரிதான், அளவு அல்ல. மீத்தேன் கல்லில் நேரடியாகத் தங்காது.

மறைமுகச் சாட்சி ஒன்று இருக்கிறது. தெற்கு இங்கிலாந்தின் கோப்ஹம் (Cobham) என்ற ஊரில் 5.6 கோடி ஆண்டு பழைய பழுப்பு நிலக்கரி அடுக்கு ஒன்று உண்டு. பூமி திடீரென்று 5 டிகிரி போலச் சூடான காலம் அது. அந்தப் பழைய சதுப்பில் வாழ்ந்த பாக்டீரியாக்களின் சவ்வுக் கொழுப்பு இன்னும் அதில் இருக்கிறது. சூடு தொடங்கிய இடத்தில் அந்தக் கொழுப்பின் கார்பன் திடீரென்று மிக லேசாகிவிடுகிறது, அதாவது கனமான கார்பன்-13 அதில் குறைந்துபோகிறது. மீத்தேனைத் தின்று வாழ்ந்தால் மட்டுமே அவ்வளவு லேசான கார்பன் வரும். அந்தச் சதுப்பில் மீத்தேன் பெருகியிருந்தது என்று தின்றவனின் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

வடகாற்றுக்கு ஆறுதலாக ஒன்று: அந்தச் சூட்டுக்கு ஹைட்ரேட் காரணமா என்ற விவாதம் 1995-ல் டிக்கன்ஸ் தொடங்கிவைத்தது, இன்னும் மூடப்படவில்லை.

வடகாற்று

நன்றி கல்மரம். அதை நானும் விடப்போவதில்லை.

நீர்க்கோழி

புதியவன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இயற்கையே மீத்தேனை இரண்டு மடங்கு ஏற்றி இறக்கியிருக்கிறது என்றால் இப்போது ஏறுவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

ஈரமண்

நல்வரவு தம்பி. இந்தக் கேள்வி எனக்கு உறுத்தும் கேள்வி, அதனால் அழுத்திச் சொல்கிறேன். 8 லட்சம் ஆண்டில் மீத்தேன் ஒருமுறைகூட 800-ஐ மீறிப் போகவில்லை. இப்போது 1,900-ஐத் தாண்டிவிட்டோம். பனியுகம் முடிந்து உலகமே மாறியபோது ஏறியது 350 பிபிபி அளவு, அதற்குப் பல ஆயிரம் ஆண்டு ஆனது. நாம் 270 ஆண்டில் 1,200 ஏற்றிவிட்டோம். இன்றைய வெளியேற்றத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு மனிதனுடையது.

பழங்காலம் எனக்கு ஆறுதல் தரவே இல்லை. சதுப்பு நிலம் மழைக்கும் வெப்பத்துக்கும் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்லும் என்பதைத்தான் அது காட்டுகிறது. எண்ணெய்க் கிணற்றின் கசிவை ஒரு வால்வை மூடி நிறுத்தலாம். வெள்ளத்தில் நிற்கும் ஆயிரம் கிலோமீட்டர் கோரைக்கு வால்வு கிடையாது.

பனித்துகள்

அக்கா சொன்னதற்கு இன்றைய தரவு. 2007 முதல் மீத்தேன் மீண்டும் ஏறுகிறது, அதே சமயம் அதன் கார்பன்-13 குறைந்துகொண்டே வருகிறது. கார்பன்-13 குறைவது உயிரிவழி மூலங்களின் அடையாளம், அதாவது சதுப்பு, கால்நடை, குப்பை. 2021-ல் ஒரே ஆண்டில் சுமார் 18 பிபிபி ஏறியது. 2020-ல் போக்குவரத்துப் புகை குறைந்ததால் ஹைட்ராக்சில் கொஞ்சம் இறங்கியதும் ஒரு காரணம், வெப்பமண்டலச் சதுப்புகள் நனைந்ததும் ஒரு காரணம். 2023-ல் யூவான் நிஸ்பெட் குழு இந்த ஏற்றத்தைப் பனியுக முடிவுகளின் மீத்தேன் தாவல்களோடு பக்கம் பக்கமாக வைத்து, ஒற்றுமை இருக்கிறது என்று எழுதியது. அது முடிந்த முடிவல்ல. ஆனால் பழைய கோட்டைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தும்பி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வகுப்பில் சொன்னேன். வோல்டாவின் கம்பில் தொடங்கி, ஒரு டன் பனி, சீனக் குகை, 16,000 ஆண்டு மேடு வரை. அந்த மாணவி இப்போது வேறொன்று கேட்கிறாள்: "பனியுகத்தில கடல் 120 மீட்டர் கீழ இருந்துச்சுன்னா, இப்ப கடலுக்கடியில இருக்கிற நிலமெல்லாம் அப்ப சதுப்பா இருந்திருக்குமே? அந்த மீத்தேன் எங்க?"

பனித்துகள்

ஆய்வாளர்களும் இதையேதான் கேட்டார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். தென்கிழக்கு ஆசியாவின் சுண்டா மேடைதான் சிறந்த உதாரணம். போர்னியோ, சுமத்ரா, ஜாவா எல்லாம் ஆசியாவோடு ஒட்டிய ஒரே சமவெளியாக இருந்தன. அதில் ஓடிய ஆறுகளின் பள்ளத்தாக்குத் தடம் இன்றும் கடலடியில் தெரிகிறது. அங்கே சதுப்பு இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, மாதிரிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனாலும் பனிக்குமிழியில் மொத்தம் 350-380தான். அதனால் குளிரும், குறைந்த கார்பன் டை ஆக்சைடும், பலவீனமான பருவமழையும் அந்தச் சதுப்புகளையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்க வேண்டும்.

கடல் ஏறி அவற்றை மூழ்கடித்தபோது இன்னொன்றும் நடந்தது. கடல்நீரில் சல்ஃபேட் ஏராளம். ஈரமண் அக்கா முதலில் சொன்ன பந்தி வரிசையை நினைவுபடுத்துங்கள். சல்ஃபேட் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு தீனியைத் தின்றுவிடும், மீத்தேன் நுண்ணுயிருக்கு மிச்சம் இருக்காது. உப்புநீர் வந்த சதுப்பு மீத்தேன் தருவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும்.

14,600 ஆண்டுகளுக்கு முன் கடல் ஐந்நூறு ஆண்டுக்குள் 15 மீட்டர் போல ஏறியது. சுண்டாவில் பெரும்பரப்பு அப்போது மூழ்கியது. மீத்தேன் கோட்டில் அதே இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அது இறங்கவில்லை, செங்குத்தாக ஏறுகிறது. மூழ்கிய சதுப்பின் இழப்பையும் தாண்டி, மிஞ்சிய நிலத்தில் அவ்வளவு மழை பெய்திருக்கிறது.